ஹவெவர் என்றொரு பவுடர்

ஆங்கிலத்தில் கட்டுரை எழுத நம் பிள்ளைகளுக்கு ஒரு குறுக்குவழி சொல்லித் தருகிறார்கள். நாலு வரி எழுது. ஒரு வரிக்கு முன்னால் 'மோர்ஓவர்' வை. அடுத்ததுக்கு 'ஹவெவர்'. அதற்கடுத்ததுக்கு 'ஃபர்தர்மோர்'. கடைசி வரிக்கு மறக்காமல் 'தேர்ஃபோர்'. திருத்துகிறவர் கண்ணில் பளிச்சென்று படும், மார்க் விழும். கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் பிள்ளை முகத்தில் பவுடர் அப்புவோமே, அந்த மாதிரி. முகம் கழுவினானா இல்லையா என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

பள்ளிக்கூட பாஷையில் இதற்கு 'லிங்க்கர்ஸ்' என்று பெயர். 'கனெக்டர்ஸ்' என்றும் சொல்வார்கள். இணைப்புச் சொற்கள். இணைப்பதற்கு இரண்டு பக்கமும் ஏதாவது இருக்க வேண்டுமே என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆறே இல்லாத இடத்தில் பாலம் கட்டிவிட்டு, பாலம் எவ்வளவு அழகு பாருங்கள் என்கிறார்கள்.

சும்மா சொல்லவில்லை. எம்.ரெட்டியபட்டியில் ஒரு டியூஷனில் பார்த்தேன். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் பூமி அது. வானம் பார்த்த விவசாயம். பருத்தி, உளுந்து, மக்காச்சோளம், மிளகாய், மல்லி என்று மழையை நம்பிப் போடுவார்கள். மிச்சக் காட்டையெல்லாம் சீமைக்கருவேலம் பார்த்துக்கொள்ளும். அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் ஒரு சார்ட். மேலிருந்து கீழ்வரை இணைப்புச் சொற்கள், வாய்ப்பாடு மாதிரி. பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்தார்கள்.

ஒரு பெண்ணின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். மழைநீர் சேகரிப்பு பற்றிய கட்டுரை. 'வாட்டர் இஸ் லைஃப். மோர்ஓவர் ட்ரீஸ் கிவ் ரெயின். ஹவெவர் வி ஷுட் சேவ் வாட்டர். தேர்ஃபோர் ரெயின் வாட்டர் ஹார்வெஸ்டிங் இஸ் இம்பார்ட்டன்ட்.' ஓரத்தில் சிவப்பு மையில் 'குட்' என்று போட்டிருந்தது.

தமிழில் சொல்லிப் பாருங்கள். தண்ணீர்தான் உயிர். மேலும் மரங்கள் மழை தருகின்றன. ஆனாலும் நாம் தண்ணீரைச் சேமிக்க வேண்டும். ஆனாலுமா? மரம் மழை தருகிறது, அதனால் தண்ணீரைச் சேமிக்காதே என்று யாராவது சொன்னார்களா? முன்னால் சொன்னதற்கு எதிராக ஒன்று வரும்போதுதானே 'ஆனாலும்'? திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கிற பாட்டிகூட இந்த இடத்தில் 'ஆனாலும்' போட மாட்டாள். அந்தப் பெண்ணும் தமிழில் போட மாட்டாள். ஆங்கிலத்தில் போடுகிறாள், 'குட்' வாங்குகிறாள்.

"ஏம்மா, இதை விடு. உங்க ஊர்க் கம்மாயில தண்ணி நிக்குதா?" என்றேன்.

"எங்க சார் நிக்கும்? கம்மாய்க்கு வரத்துக்கால் ஒண்ணு இருக்கு. அது பூரா சீமைக்கருவேல முள்ளு. மழை பேஞ்சாலும் தண்ணி கம்மாய்க்கு வந்து சேராது, ஓடைப் பக்கம் போயிரும். கம்மாயில நின்னாத்தானே கிணத்துல ஊறும்? ஊறாததால அப்பா இந்த வருசம் மிளகா போடலை. அம்மா மில்லுக்குப் போறாங்க."

மூச்சு விடாமல் சொன்னாள். முள்ளில் ஆரம்பித்து மில்லில் முடித்தாள். ஒரு கண்ணி விடவில்லை. முள் அடைத்ததால் தண்ணீர் வரவில்லை, தண்ணீர் நிற்காததால் கிணறு ஊறவில்லை, கிணறு ஊறாததால் மிளகாய் இல்லை, மிளகாய் இல்லாததால் அம்மா பஸ் ஏறுகிறாள். ஒரு என்ஜினீயர் அறிக்கை எழுதினால் இதைத்தான் எழுத வேண்டும். இந்தப் பிள்ளைக்கா இணைக்கத் தெரியாது? நோட்டில் இருப்பது யார் எழுத்து, வாயில் இருப்பது யார் பேச்சு?

அவள் பேச்சில் இணைப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 'பேஞ்சாலும்', 'நின்னாத்தானே', 'ஊறாததால'. எல்லாம் வினைச்சொல்லின் வாலில். தமிழின் சுபாவம் அது. வந்து, பார்த்து, கேட்டு, போனான் என்று எச்சத்திலேயே கோத்துக்கொண்டு போவோம். இதை இடைச்சொல் என்று பெயர் வைத்துத் தொல்காப்பியத்தில் தனி இயலே இருக்கிறது. இடைச்சொல் பெயரையும் வினையையும் ஒட்டித்தான் நடக்கும், தானாக நடக்கிற குணம் அதற்கு இல்லை என்று விதியும் இருக்கிறது. 'உம்' என்ற ஒற்றை ஒலிக்கு எட்டுப் பொருள் சொல்லப்பட்டிருக்கிறது. எட்டு! அதை எந்த சார்ட்டும் இல்லாமல் நாலு வயதில் பேசிப் பழகிய பிள்ளையிடம் போய் 'ஃபர்தர்மோர்' மனப்பாடம் பண்ணு என்கிறோம்.

ஆங்கிலம் இந்த வேலையை வாக்கியத்தின் தலையில் செய்கிறது. 'தோ' முன்னால் வந்து நிற்கும். நமக்கு 'இருந்தாலும்' பின்னால் வரும். நம் பிள்ளைகள் 'தோ' என்று ஆரம்பித்து நடுவில் 'பட்' என்றும் போட்டுத் தொலைப்பது இதனால்தான். முன்னால் ஒரு பூட்டு போட்டாயிற்று என்பது தமிழ்க் காதுக்குக் கேட்கவில்லை, அதனால் நடுவில் இன்னொரு பூட்டு. இதைச் சொல்லித் தருவதை விட்டுவிட்டுச் சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போனால் பிள்ளை என்ன செய்யும்?

இன்னொன்று. 'மழை பேஞ்சும் தண்ணி வரலை' என்றால் மழை பெய்துவிட்டது. 'மழை பேஞ்சாலும் தண்ணி வராது' என்றால் இன்னும் பெய்யவில்லை, பெய்தாலும் கதை அதுதான். முதலாவது ஆங்கிலத்தில் 'ஈவன் தோ'. இரண்டாவது 'ஈவன் இஃப்'. எம்.ஏ. படித்தவர்களே தடுமாறுகிற இடம். எம்.ரெட்டியபட்டிப் பிள்ளைக்கு 'பேஞ்சும்', 'பேஞ்சாலும்' வித்தியாசம் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். கையில் இருக்கிற சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, பூட்டைத் திற திற என்கிறோம்.

போகட்டும், இணைப்புச் சொல் என்றால் வெறும் பசை என்று நினைக்கிறீர்களா? அடுத்ததைக் கேளுங்கள். இரண்டு வாக்கியத்தைக் கொடுத்து ஒன்றாக்கு என்று கேட்பார்கள். அதற்கு நம் இலக்கண நோட்டுகளில் காலங்காலமாக ஓர் உதாரணம் உண்டு. நீங்களும் எழுதியிருப்பீர்கள். 'ஹி இஸ் புவர். ஹி இஸ் ஆனஸ்ட்.' விடை: 'தோ ஹி இஸ் புவர், ஹி இஸ் ஆனஸ்ட்.' ஏழையாக இருந்தாலும் அவன் நேர்மையானவன்.

ஏன் 'இருந்தாலும்'? ஏழை என்றால் திருடத்தானே செய்வான், இவன் பாவம் திருடவில்லை, ஆச்சரியம் என்றுதானே அர்த்தம்? 'ஏழையாக இருப்பதால் நேர்மையானவன்' என்று ஒரு பிள்ளை எழுதினால் ஏன் தப்பு? 'பணக்காரனாக இருந்தாலும் நேர்மையானவன்' என்று ஏன் ஒரு உதாரணமும் நம் நோட்டில் இல்லை? நாட்டில் நடக்கிறதைப் பார்த்தால் அந்த வாக்கியத்துக்குத்தான் 'இருந்தாலும்' கச்சிதமாகப் பொருந்தும்! நூறு நாள் வேலைக்குப் போகிற தாயின் மகன், கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டுகிற தகப்பனின் மகள், இதை வாக்கிய மாற்றம் என்ற பெயரில் மூன்று விதமாக மாற்றி எழுதுகிறார்கள். 'தோ' ஒரு தரம், 'இன் ஸ்பைட் ஆஃப்' ஒரு தரம், 'பட்' ஒரு தரம். தங்களைப் பற்றிய ஒரு அவதூறை மூன்று இலக்கண வடிவத்தில். அதற்கு மார்க்கும் உண்டு.

இதில் தமிழ் ஒன்றும் யோக்கியம் இல்லை. பெண் பார்க்கப் போய்விட்டு வந்து, 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்கிறோமே, அந்த 'இருந்தாலும்' எங்கிருந்து வந்தது? கறுப்பையும் களையையும் எதிரெதிரே நிறுத்தியது யார்? வாக்கியத்தின் விஷம் பூராவும் அந்த ஒரு வாலில் இருக்கிறது. பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் சாதுவாக உட்கார்ந்திருக்கும். கத்தி வைத்திருப்பது இணைப்புச் சொல்தான்.

நம் மாநிலத்துச் சரித்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசியல் சட்டத்தின் 343-வது பிரிவு, முதல் உட்பிரிவில் இந்தி ஆட்சிமொழி என்கிறது. இரண்டாவது உட்பிரிவு 'நாட்வித்ஸ்டாண்டிங்' என்று ஆரம்பிக்கிறது. அதாவது, முன்னால் சொன்னது எப்படியிருந்தாலும், பதினைந்து வருஷத்துக்கு ஆங்கிலமும் தொடரும். அந்த ஒரு சொல்லின் மேல்தான் 1965 ஜனவரி 26 வரை இந்த நாட்டில் ஆங்கிலம் உட்கார்ந்திருந்தது. கெடு நெருங்கியபோது 1963-ல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அதன் மூன்றாவது பிரிவும் 'நாட்வித்ஸ்டாண்டிங்'கில்தான் ஆரம்பம். பதினைந்து வருஷம் முடிந்தாலும் ஆங்கிலம் தொடர 'மே' என்றது. தொடரலாம். தி.மு.க.வினர் பிடித்துக்கொண்டார்கள். 'லாம்' என்றால் தொடராமலும் போகலாம்தானே? 'ஷல்' என்று போடு, தொடர வேண்டும் என்று எழுது என்றார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று நேரு சமாதானம் சொன்னார். ஒன்றுதான் என்றால் மாற்றிப் போடுவதில் என்ன கஷ்டம்? மாற்றவில்லை. 1965 ஜனவரி 25-ல் மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் பற்றிக்கொண்டது மாநிலம் முழுக்க எரிந்தது. உயிர்கள் போயின. பிறகு 1967-ல் சட்டத்தைத் திருத்தியபோது இன்னொரு குட்டிச் சொல்லை நட்டார்கள். 'அன்டில்'. இந்தியை ஏற்காத மாநிலங்களின் சட்டசபைகள் எல்லாம் வேண்டாம் என்று தீர்மானம் போடுகிற வரைக்கும் ஆங்கிலம் நீடிக்கும். அந்த 'வரைக்கும்' இன்றுவரை நம்மைக் காத்துக்கொண்டிருக்கிறது.

அப்படிச் சட்டத்தில் ஒவ்வொரு சொல்லையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர்களின் பேரப் பிள்ளைகளுக்குத்தான் இன்று 'ஹவெவர்' என்றால் பவுடர் என்று சொல்லிக் கொடுக்கிறோம்.

சட்டசபை, பார்லிமென்ட் என்றால் தூரம். காட்டுக்கு வருவோம். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ல் வந்தது. ராபி பருவத்து உளுந்துக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம், பருத்திக்கு ஐந்து சதவீதம். இவ்வளவும் ஊருக்குள் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அது எண். தெரியாதது எதெல்லாம்? உங்கள் காடு காய்ந்தால் மட்டும் போதாது, உங்கள் ஊரோ ஃபிர்காவோ, அந்த அலகின் சராசரி மகசூல் நிர்ணயித்த அளவுக்குக் கீழே போனால்தான் பணம். அறுத்துக் காயப்போட்ட பயிர் மழையில் நனைந்தால் இழப்பீடு உண்டு, ஆனால் அறுத்த 14 நாளுக்குள் நனைந்திருக்க வேண்டும், 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் தடித்தடியாக இருக்கிற வழிகாட்டு நெறிகளில் இதெல்லாம் எந்தச் சொல்லில் தொங்குகிறது? 'இஃப்', 'ஒன்லி', 'வித்தின்', 'ப்ரொவைடட் தட்', 'சப்ஜெக்ட் டு'. பணம் வருவதும் வராததும் இந்தச் சொற்களில் இருக்கிறது. பத்து வருஷம் ஆங்கிலம் படித்த பிள்ளை அப்பாவுக்கு அதைப் படித்துச் சொல்ல வேண்டாமா? அவளுடைய சார்ட்டில் 'இன் அடிஷன்' இருக்கிறது, 'ஃபர்தர்மோர்' இருக்கிறது, 'ப்ரொவைடட்' இல்லை. 'அன்லெஸ்' இல்லை.

அதேபோல ஜாமீன் கையெழுத்து. பக்கத்து வீட்டுக்காரர் வாங்குகிற கடனுக்கு நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். பத்திரத்தில் 'ஜாயின்ட்லி அண்ட் செவரலி' என்று இருக்கும். கூட்டாகவும் தனித்தனியாகவும். வாங்கியவன் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டால் முழுத் தொகையையும் உங்கள் ஒருத்தரிடமே கேட்கலாம் என்று அர்த்தம். 'ஆகவும்', 'ஆகவும்'. அந்த 'உம்' இரண்டு தரம் வருகிறதே, அதில் போய்விட்டது உங்கள் மாடு.

கதை ஒன்று நினைவுக்கு வருகிறது, திருச்சுழிக்காரர் கதை. 1879-ல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், மதுரையில் அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். ஆங்கில இலக்கணப் பாடத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்று வாத்தியார் தண்டனை கொடுத்துவிட்டார். பெய்ன் என்பவரின் இலக்கணப் புத்தகத்திலிருந்து பாடத்தை மூன்று தரம் எழுதி வா. 1896 ஆகஸ்ட் 29. இரண்டு தரம் எழுதினார். மூன்றாவது தரம் எழுதும்போது இதில் என்ன இருக்கிறது என்று தோன்றிவிட்டது. மூடி வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிட்டார். ரமண மகரிஷி ஆனார். எல்லோரும் அதை ஞானத்தின் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அது இம்போசிஷனின் கதையாகவும் படுகிறது. கிளம்புமுன் அண்ணனுக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதி வைத்தார். நல்ல காரியத்துக்குத்தான் போவதாகச் சொல்லி, ஆகையால் யாரும் வருந்த வேண்டாம், தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்கிற மாதிரி நாலைந்து வரி. அதில் வருகிற அந்த 'ஆகையால்' எவ்வளவு கனமாக நிற்கிறது பாருங்கள். வலப்பக்கம் ஒரு குடும்பத்தின் அழுகை, இடப்பக்கம் ஒரு பையனின் முடிவு. நடுவில் தாங்கி நிற்கிறது. பெய்ன் புத்தகத்தை மூன்றாம் தரம் எழுதாத பையன் எழுதியது.

ஆசிரியர்கள் என்னிடம் கோபப்படுவார்கள், தெரியும். "சார், நீங்க பேசிட்டுப் போயிருவீங்க. பாஸ் மார்க் 35. ஒரு வாக்கியம் சேர்ந்தாப்ல எழுதத் தெரியாத பிள்ளைகளை மார்ச்சுக்குள்ள தேத்தணும். சார்ட் இருந்தா நாலு மார்க் கிடைக்குதுல்ல?" நியாயம். அந்த நாலு மார்க்கை நான் கேலி பண்ணவில்லை. கரிசல் காட்டில் நாலு மார்க்கில் ஒரு பிள்ளை பதினொன்றாம் வகுப்புக்குப் போவதும், நாலு மார்க் இல்லாமல் மில் வேனில் ஏறுவதும் நடக்கிறது. ஆனால் அந்த நாலு மார்க்கைக் கொடுப்பது யார்? விடை திருத்துகிற நாம்தானே? பொருந்தாத 'ஹவெவரு'க்கு மார்க் போடுவதை நாம் நிறுத்தினால் சார்ட் தானாகச் சுவரிலிருந்து இறங்கிவிடும். பொருத்தமான ஒரு 'பிகாஸ்'க்கு முழு மார்க் கொடுத்துப் பாருங்கள். 'பிகாஸ்' எழுதினால் காரணம் சொல்லியாக வேண்டும், தப்பிக்க முடியாது. அதனால்தானோ என்னவோ பிள்ளைகள் அதை எழுதப் பயப்படுகிறார்கள்.

தவிர, வெறும் பவுடர்தான் வேண்டும் என்றால் இனிமேல் அதற்குப் பள்ளிக்கூடமும் வேண்டாம். செல்போனில் கேட்டால் எந்திரமே பக்கம் பக்கமாக எழுதித் தருகிறது. 'மோர்ஓவர்' எல்லாம் வரிசையாக வந்து நிற்கும், ஒரு எழுத்துப் பிழை இருக்காது. எந்திரத்துக்குத் தெரியாதது, எம்.ரெட்டியபட்டிக் கம்மாயின் வரத்துக்காலில் முள் அடைத்துக் கிடப்பதும், அதனால் ஒரு அம்மா காலையில் ஐந்து மணிக்கு எழுந்து சோறு கட்டுவதும். அது அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியும். அவள் ஆங்கிலத்தில் எழுத வேண்டியது அதைத்தான். முதலில் அவளைத் தமிழில் பேசச் சொல்லுங்கள். 'பேஞ்சாலும்' வரும்போது நிறுத்தி, இதுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேளுங்கள். 'ஊறாததால' வரும்போது இன்னொரு தரம் நிறுத்துங்கள். ஒரு பக்கம் எழுத ஒரு வாரம் ஆகும். ஆகட்டுமே.

பேப்பர் செட் பண்ணுகிறவர்களுக்கு நான் ஒரு கேள்வி தயார் பண்ணி வைத்திருக்கிறேன். காப்புரிமை கிடையாது, எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு விவசாயி உளுந்துச் செடியைப் பிடுங்கிக் காட்டில் காயப்போட்டிருக்கிறார். பதினைந்தாம் நாள் பருவம் தவறிய மழையில் எல்லாம் நனைந்து முளைத்துவிட்டது. மறுநாள் காலையிலேயே தகவல் சொல்லிவிட்டார். அறுவடைக்குப் பிந்தைய இழப்பீடு கிடைக்குமா, கிடைக்காதா? ஏன்? ஆங்கிலத்தில் மூன்று வரிக்கு மிகாமல் எழுதுக. ஒரே ஒரு இணைப்புச் சொல்தான் அனுமதி. அது எது என்பதை மாணவரே முடிவு செய்துகொள்ளலாம். 'மோர்ஓவர்' எழுதினால் மார்க் குறைக்கப்படும்.